வீடியோ கேமில் செல்லப்பிராணி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமில் நாய், பூனை, குதிரை, போகிமான் எனும் கற்பனைப் பிராணி என்று ஏதாவது ஒரு பெட்டை, அதாவது செல்லப்பிராணியை, வளர்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலில், சிக்கலானவை போகப்போக.

உயிரே இல்லாத பெட்டை எதுக்கு வளர்க்கணும்? கேமை முடிச்சா போதாதா?

சில கேம்களில் பெட்டை வளர்ப்பதுதான் கேமே. 1996 நவம்பரில் ஜப்பானில் பாண்டாய் நிறுவனம் வெளியிட்ட தமகோட்சி அப்படிப்பட்டது. முட்டை வடிவப் பொம்மை, சின்னத் திரை, மூன்றே பொத்தான்கள். பசித்தால் ஊட்டுவது, கழிவைச் சுத்தம் செய்வது, தூங்கினால் விளக்கை அணைப்பது, நோய் வந்தால் மருந்து கொடுப்பது. முடிக்க வேண்டிய லெவல் என்று எதுவும் கிடையாது.

மற்ற கேம்களில் பெட் துணைக்கு வரும். அதைக் கவனிக்காமலே கேமை முடித்துவிடலாம்தான். ஆனால் கவனித்து வளர்த்தவர்களிடம் கேம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். 2013இல் வந்த போகிமான் எக்ஸ், ஒய் கேம்களில் பாசம் நன்றாக ஏறிய போகிமான், சாய்ந்துபோக வேண்டிய அடியை வாங்கியும் சில நேரம் ஒரே ஒரு ஹெச்பியோடு (உயிர்ப் புள்ளி) நின்றுவிடும். விஷம் ஏறியிருந்தால் தானே அதை உதறிக்கொள்ளும். அந்தத் தருணம் ஒருமுறை வாய்த்துவிட்டால், எதற்கு வளர்க்க வேண்டும் என்ற கேள்வியே பிறகு எழாது.

ரெண்டு வாரம் விளையாட முடியாது. திரும்பி வர்றதுக்குள்ள செத்துப்போயிடுமா?

அது எந்த கேம் என்பதைப் பொறுத்தது. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கேமை மூடினபிறகும் பெட்டுக்கு நேரம் ஓடுகிறதா? மைன்கிராஃப்ட், ஸ்டார்டியூ வேலி, போகிமான் போன்றவற்றில் நீங்கள் தனியாக விளையாடும் உலகத்தை மூடினால் பெட்டின் வாழ்க்கையும் அங்கேயே நின்றுவிடும். ஒரு வருடம் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். கவலையே வேண்டாம்.

நேரம் ஓடும் கேம்களில் இரண்டு வகை. 2005இல் வந்த நின்டெண்டாக்ஸில் நாய்க்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், அழுக்கு சேரும், ஆனால் அது சாகாது. 1999இல் தொடங்கிய நியோபெட்ஸிலும் பெட் எவ்வளவு பட்டினி கிடந்தாலும், பசியின் கடைசிப் படியில் நின்றுகொண்டு இருக்குமே தவிர இறக்காது. தமகோட்சிதான் உண்மையிலேயே இறந்துவிடும். அதில் நமக்கு ஒரு நாள் என்றால் அதற்கு ஒரு வயது கூடுகிறது. பழைய தமகோட்சியில் நேரத்தை நிறுத்திவைக்கத் தனிப் பொத்தான் கிடையாது. ஆனால் கடிகாரம் திருத்தும் திரையில் விட்டுவைத்தால் அதன் நேரம் நின்றுவிடும். இரண்டு வாரம் தொட முடியாது என்றால் அப்படி வைத்துவிட்டுப் போங்கள்.

வயிறு நிறைய சாப்பாடு போட்டுக்கிட்டேதான் இருக்கேன், ஆனா பாசம் ஏறவே மாட்டேங்குது. ஏன்?

இந்தக் கேள்விதான் எனக்கு வருவதில் அதிகம். காரணம் எளியது: பசியும் பாசமும் பெரும்பாலான கேம்களில் தனித்தனிக் கணக்கு. தமகோட்சியில் பசிக்கு நான்கு இதயங்கள், மகிழ்ச்சிக்கு நான்கு இதயங்கள். சாப்பாடு முதல் கணக்கை மட்டும்தான் நிரப்பும். மகிழ்ச்சிக்கு அதோடு விளையாட வேண்டும். தின்பண்டம் கொடுத்தாலும் மகிழ்ச்சி ஏறும், ஆனால் எடையும் கூடவே ஏறும். தின்பண்டத்தையே நம்பினால் நோய்தான் வரும்.

போகிமானில் கூட்டிக்கொண்டு நடப்பதே பாசத்தை ஏற்றும். எங்கே போனாலும் அணியில் வைத்திருங்கள். லெவல் ஏறும்போதும் பாசம் கூடும். சண்டையில் மயங்கி விழுந்தால் குறையும். பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: மூலிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கசப்பு மருந்துகள் உடலைத் தேற்றும், பாசத்தைக் குறைக்கும். வழியெல்லாம் அந்த மருந்தையே கொடுத்துக்கொண்டிருந்தால், நடந்து சேர்த்த பாசத்தை நீங்களே கரைக்கிறீர்கள்.

ஸ்டார்டியூ வேலியில் நாயையோ பூனையையோ தினம் ஒருமுறை தடவிக்கொடுத்தாலே போதும், கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் இன்னும் நல்லது. ஒரே நாளில் பத்துமுறை தடவினாலும் கணக்கில் ஏறுவது ஒன்றுதான். மொத்தமாகக் கொட்டிக்கொடுப்பதைவிடத் தினம் ஒரு எட்டு போய்ப் பார்ப்பதுதான் இந்தக் கேம்களில் எடுபடும். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்த விஷயமும் அதுவே.

பாசத்துக்கு மீட்டரே காட்டல. ஏறுதா இறங்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

போகிமானில் அந்த எண் மறைந்தே இருக்கிறது. 0 முதல் 255 வரை போகும். ஆனால் கேமுக்குள்ளேயே அதைப் பார்த்துச் சொல்லும் ஆட்கள் இருப்பார்கள். அணியின் முதல் இடத்தில் உங்கள் பெட்டை வைத்துக்கொண்டு அவர்களிடம் பேசினால், "உன்மேல் உயிராக இருக்கிறது" என்கிற மாதிரியோ "இன்னும் பழகவில்லை" என்கிற மாதிரியோ சொல்வார்கள். அந்த வாக்கியம் மாறினால் எண் நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

மைன்கிராஃப்டில் தேடவே வேண்டாம், அங்கே பாச அளவு என்று ஒன்றும் கிடையாது. பழக்கிவிட்டால் அது உங்களுடையது. ஓநாயின் வால் தொங்குவதைப் பார்த்துக் கோபமோ என்று நினைக்கிறவர்கள் உண்டு. வால் காட்டுவது உடல்நிலையை. நிமிர்ந்திருந்தால் நலம், தாழத் தாழ அடிபட்டிருக்கிறது. இறைச்சி கொடுங்கள், அழுகிய சதை கொடுத்தாலும் அதற்கு ஒன்றும் செய்யாது.

எலும்பு கொடுத்துக்கிட்டே இருக்கேன், ஓநாய் என்கூட வர மாட்டேங்குது. ஏதாவது தப்பா பண்றேனா?

தப்பு ஒன்றுமில்லை. மைன்கிராஃப்டில் ஒவ்வொரு எலும்புக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். சிலருக்கு முதல் எலும்பிலேயே இதயங்கள் பறந்து கழுத்துப்பட்டை வந்துவிடும், சிலருக்கு ஏழெட்டு போகும். தெருப்பூனையும் அதே கணக்குதான், அதற்குப் பச்சை மீன் வேண்டும். பூனைக்கு இன்னொரு விஷயம்: மீனைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள், அதுவாகக் கிட்டே வரட்டும். நீங்கள் சட்டென்று நகர்ந்தால் ஓடிவிடும்.

கிளி வளர்க்கிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கிளியைப் பழக்க விதைகளைக் கொடுங்கள், குக்கீயை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள், அங்கேயே செத்துவிடும். 2017இல் கிளிகளைச் சேர்த்தபோது சோதனைப் பதிப்பில் குக்கீதான் அவற்றுக்கு உணவாக இருந்தது. நிஜக் கிளிகளுக்குச் சாக்லேட் விஷம், குழந்தைகள் இதைப் பார்த்து வீட்டுக் கிளிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பலர் சொன்னபிறகு மாற்றினார்கள். ஒரு கேமில் வளர்ப்பு விதி இவ்வளவு பொறுப்போடு மாற்றப்பட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா என் நாய் திரும்பியே பாக்கல. மைக் கெட்டுப்போச்சா?

நின்டெண்டாக்ஸைச் சொல்கிறீர்கள் என்றால், மைக் நன்றாகவே இருக்கும். அந்த நாய் கேட்பது வார்த்தையின் பொருளை அல்ல, உங்கள் குரல் ஒலிக்கும் விதத்தை. பெயர் வைக்கும்போது மெதுவாகச் சொல்லிவிட்டு இப்போது கத்தினால் அதற்கு அது வேறொரு ஒலி. தம்பியோ தங்கையோ கூப்பிட்டாலும் அப்படித்தான். ஓசையில்லாத அறையில், பெயர் வைத்தபோது சொன்ன அதே தொனியில் கூப்பிட்டுப் பாருங்கள்.

வித்தை கற்றுத்தருவதிலும் இதே கதை. நாய் தானாக உட்காரும்போதோ புரளும்போதோ திரையில் ஒரு பல்பு தோன்றும். அதைத் தொட்டு நீங்கள் தேர்ந்த சொல்லைச் சொல்ல வேண்டும், நாய் மறுபடி அதைச் செய்யும்போது மறுபடி அதே சொல். "உட்கார்", "உருள்" மாதிரி ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை இரண்டு வித்தைகளுக்கு வைத்தால் நாய் குழம்பும். காதுக்கு நன்றாக வேறுபடும் சொற்களை எடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் புகட்டப் பார்க்காதீர்கள்.

சொன்ன பேச்சு கேக்கலன்னா திட்டலாமா? அடிக்கிற ஆப்ஷன்கூட இருக்கே?

கண்டிப்பு வேலை செய்யும் கேம்களும் உண்டு, காரியத்தைக் கெடுக்கும் கேம்களும் உண்டு. தமகோட்சி ஒன்றும் தேவையில்லாமல் கூப்பிட்டால், அல்லது பசியோடு இருந்தும் சாப்பிட மறுத்தால், அப்போது கண்டித்தால் ஒழுக்க அளவு ஏறும். சின்ன வயதில் எப்படிக் கவனித்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது பெரியதாகும்போது எந்த உருவம் எடுக்கும் என்பதே முடிவாகிறது. 1996இல் வந்த கிரியேச்சர்ஸ் கேமில் நார்ன் எனும் குட்டிப் பிராணிகளைக் கிச்சுகிச்சு மூட்டலாம், தட்டவும் செய்யலாம். அவற்றின் மூளை அதிலிருந்து நிஜமாகவே கற்றுக்கொள்ளும். தவறு செய்த அந்தக் கணத்தில் தட்டினால் புரியும். கொஞ்சம் தாமதித்தால், அந்த நேரத்தில் அது வேறு எதைச் செய்துகொண்டிருந்ததோ அதற்கான தண்டனையாகிவிடும்.

இன்னொரு பக்கம், சோனிக் அட்வென்சர் 2இல் வரும் சாவோ எனும் குட்டிப் பிராணியைத் தூக்கி எறிந்தாலோ அடித்தாலோ உங்களைக் கண்டு பயப்படத் தொடங்கும். 2016இல் வந்த தி லாஸ்ட் கார்டியனில் டிரிக்கோ எனும் பெரிய விலங்கு, சொன்னதும் செய்யாமல் கொஞ்சம் யோசித்துவிட்டே நகரும். அதற்கும் மனம் உண்டு என்று காட்டவே அப்படி உருவாக்கியிருக்கிறார்கள். ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். எந்த கேமானாலும் என் யோசனை இதுதான்: அடிக்கும் பொத்தானை எடுப்பதற்கு முன் பசி, தூக்கம், நோய் மூன்றையும் பாருங்கள். முரண்டு பிடிப்பதாக நாம் நினைப்பதில் பாதி அங்கே தீர்ந்துவிடும்.

குதிரை அது இஷ்டத்துக்குப் போகுது. என்ன பண்ண?

பிரெத் ஆஃப் தி வைல்ட் கேமில் புதிதாகப் பிடித்த குதிரை பாதையை விட்டு விலகிக்கொண்டே இருக்கும். அதைத் திருப்பி, உங்கள் பேச்சைக் கேட்ட அடுத்த நொடியே தட்டிக்கொடுங்கள். விலகி ஓடும்போது தட்டிக்கொடுத்தால் பயனில்லை. இறங்கி ஆப்பிள் ஊட்டினாலும் பிணைப்பு ஏறும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் பிணைப்புக்கு நான்கு படிகள். ஓட்டுவது, தீனி போடுவது, தேய்த்துவிடுவது, மிரளும்போது ஆற்றுவது எல்லாமே அதை ஏற்றும். உடம்பில் சேறு படிந்த குதிரைக்குக் களைப்பு தீர நேரமாகும் என்பதால், தேய்த்துவிடுவது பாசத்துக்காக மட்டுமல்ல. அங்கே குதிரை இறந்தால் இறந்ததுதான். உயிர்ப்பிக்கும் மருந்து ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

எஸ்பியான் வேணும்னுதான் பகல்ல லெவல் ஏத்தினேன், சில்வியான் ஆயிடுச்சே. ஏன்?

போகிமானில் மேலே சொன்ன மறைந்த எண்ணோடு இன்னொரு நிபந்தனையும் சேர்வதால். ஈவி எனும் போகிமானுக்குப் பாசம் போதுமான அளவு ஏறியபின் பகலில் லெவல் ஏறினால் அது எஸ்பியானாக மாறும், இரவில் ஏறினால் அம்ப்ரியானாக. 1999இல் வந்த கோல்டு, சில்வர் கேம்களிலிருந்து நீண்ட காலம் அந்த அளவு 220ஆக இருந்தது. 2019இல் வந்த ஸ்வோர்ட், ஷீல்டில் 160ஆகக் குறைந்தது. ஆனால் ஈவிக்கு ஃபேரி வகைத் தாக்குதல் ஏதாவது தெரிந்திருந்தால், பகலோ இரவோ, சில்வியானாகத்தான் மாறும். லெவல் ஏறும்போது அந்தத் தாக்குதலை அது கற்றுக்கொண்டது உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கும். அடுத்த முறை முதலில் அதை மறக்க வையுங்கள், பிறகு லெவல் ஏற்றுங்கள். மாறியதை மீட்க, பரிணாமத்துக்கு முந்தைய சேவ் இருந்தால்தான் உண்டு.

ஒரே நேரத்துல நாலஞ்சு பெட் வச்சிக்கலாமா?

கேம் அனுமதித்தால் வைத்துக்கொள்ளலாம். நின்டெண்டாக்ஸ் வீட்டில் மூன்று நாய்கள் வரை இருக்கலாம், மேலும் ஐந்தை நாய்கள் தங்கும் விடுதியில் விடலாம். ஸ்டார்டியூ வேலியில் 2024இல் வந்த 1.6 பதிப்புக்குப் பிறகு ஒன்றுக்கு மேல் வளர்க்கலாம், ஆனால் முதல் பெட்டின் ஐந்து இதயங்களும் நிறைந்திருக்க வேண்டும். தினமும் நேரம் கேட்கும் கேம் என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஐந்து பெட்டுக்கு அவசரமாக ஊட்டிவிட்டு மூடுவதில் மூன்றாவது பதிலில் சொன்ன பழக்கம் எதுவும் வளராது.

போன்ல கடிகாரத்தை முன்னாடி தள்ளி வச்சா சீக்கிரம் வளருமா?

சர்வர் நேரத்தில் ஓடும் கேம்களில் கடிகாரத்தை மாற்றி ஒன்றும் ஆகாது. சாதனத்தின் நேரத்தைப் பார்க்கும் கேம்களில் வளர்ச்சி முன்னே தள்ளுவது போலவே பசியும் அழுக்கும் முன்னே தள்ளும். நீங்கள் தாண்டிய நாட்கள் அத்தனையும் நீங்கள் கவனிக்காமல் விட்ட நாட்களாகப் பெட்டின் கணக்கில் விழும். வேண்டாம்.

அடாப்ட் மீயில ஒருத்தர் "முதல்ல உன் பெட்டைக் கொடு, நான் அப்புறம் மெகா நியான் தரேன்"னு சொல்றாங்க. நம்பலாமா?

கூடவே கூடாது. ரோப்லாக்ஸ் எனும் ஆன்லைன் கேம் தளத்தில் உள்ள இந்த கேமில் பெட் ஆறு வயதுப் படிகளைக் கடந்து வளர்கிறது. முழுதாக வளர்ந்த ஒரே வகைப் பெட்கள் நான்கைச் சேர்த்தால் ஒரு நியான் (ஒளிரும் பெட்), நான்கு நியான்களைச் சேர்த்தால் ஒரு மெகா நியான். அதாவது ஒரு மெகா நியானுக்குப் பின்னால் பதினாறு பெட்களை வளர்த்த உழைப்பு இருக்கிறது. அதைத் தெரியாதவருக்கு யாரும் சும்மா தரமாட்டார்கள். இரண்டு பக்கமும் தருவது ஒரே ட்ரேட் (பண்டமாற்று) திரையில் தெரிய வேண்டும், உறுதிசெய்யும் முன் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். "நம்பிக்கை ட்ரேட்" என்று யார் சொன்னாலும் அந்தத் திரையை மூடிவிடுங்கள்.

என் பொண்ணோட பெட் செத்துப்போச்சு. ரெண்டு நாளா அழறா. வெறும் கேம்தானேன்னு சொன்னா இன்னும் அழறா. என்ன சொல்றது?

அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். தினமும் எழுந்ததும் தேடிப் போய்ப் பார்த்த ஒன்று இல்லை, அந்தப் பழக்கம் கையில் அப்படியே இருக்கிறது. அழுகை வரத்தான் செய்யும், பெரியவர்களுக்கும் வருகிறது. அதன் பெயர் என்ன, என்ன செய்யும், எது பிடிக்கும் என்று கேளுங்கள். அவள் சொல்லட்டும். படம் வரைய விரும்பினால் வரையட்டும். கேமை உருவாக்கியவர்களும் இந்த இடத்தில் யோசித்திருக்கிறார்கள். ஜப்பானியத் தமகோட்சியில் இறந்தால் கல்லறையும் ஆவியும் தோன்றும், அமெரிக்கப் பதிப்பில் அதைச் சிறகு முளைத்த தேவதையாக மாற்றினார்கள். சாவோவும் முதுமையில் கூட்டுக்குள் போகும். அன்பாக வளர்க்கப்பட்டது என்றால் இளஞ்சிவப்புக் கூடு, அதிலிருந்து மறுபடி முட்டையாக வரும். சாம்பல் நிறக் கூடு என்றால் அதோடு முடிந்தது.

அடுத்து, மீட்க முடியுமா என்று பாருங்கள். ஸ்டார்டியூ வேலியில் நாயும் பூனையும் சாகவே சாகாது, ஆனால் கோழியும் மாடும் அப்படியல்ல. அவை வெளியே இருக்கும்போது கதவை மூடிவிட்டால் இரவில் ஒன்று காணாமல் போகலாம். அந்த கேம் தூங்கும்போதுதான் சேவ் ஆகும். அதனால் கதவைத் தவறாக மூடியது படுக்கும் முன்பே நினைவுக்கு வந்தால் போய்த் திறந்துவிடலாம். மற்ற விபத்துகளுக்கும், தூங்காமல் வெளியேறினால் அந்த நாளின் காலைக்கே திரும்பலாம். மைன்கிராஃப்டில் உலகத்தின் பழைய நகல் இருந்தால் அதைத் திறக்கலாம். ஒன்றும் வழியில்லை என்றால், உடனே அதே பெயரில் புதிதாக ஒன்றைத் தொடங்கித் தராதீர்கள். எப்போது வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும்.

கேமையே மூடிட்டாங்கன்னா என் பெட் என்ன ஆகும்?

சர்வரில் வாழும் பெட் சர்வரோடு போய்விடும். ஃபேஸ்புக்கில் 2008இல் தொடங்கிய பெட் சொசைட்டி 2013 ஜூனில் மூடப்பட்டபோது அலங்கரித்து வைத்த வீட்டோடு தன் பெட்டை இழந்த ஒருவரிடம் பேசினாலே போதும், அந்த வலி புரியும். ஆகவே ஆன்லைன் கேமில் வளர்க்கிறவர்கள் அவ்வப்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். முட்டையாக இருந்தபோது, முதல் சட்டை போட்டபோது, அறையை மாற்றியபோது. மூடப்போவதாக அறிவிப்பு வந்தபிறகு எடுப்பது கடைசி நிலையை மட்டுமே காட்டும், வளர்ந்த கதையைக் காட்டாது.

வேற கேமுக்குப் போகலாம்னு இருக்கேன். ஆனா இதை விட்டுட்டுப் போறது துரோகம் மாதிரி இருக்கு.

இரண்டாவது பதிலை இன்னொருமுறை படியுங்கள். நேரம் நின்றுவிடும் கேம் என்றால் உங்கள் பெட் காத்திருக்கவோ ஏங்கவோ செய்யாது. நேரம் ஓடும் கேம் என்றால் அதற்கேற்ற ஏற்பாடு செய்துவிட்டுப் போகலாம். "உன்னைத் தேடுகிறது" என்று வரும் நோட்டிஃபிகேஷன் உங்களைத் திரும்ப அழைக்க எழுதப்பட்டது, தயங்காமல் அணைத்துவிடுங்கள்.

நின்டெண்டாக்ஸ் நாய்களில் விடுதிக்கு அனுப்ப முடிந்ததை அனுப்புங்கள். மைன்கிராஃப்ட் நாயை வீட்டுக்குள் கூட்டிவந்து உட்காரச் சொல்லுங்கள், உட்கார்ந்த நாய் உங்கள் பின்னால் தாவி வந்து எரிமலைக் குழம்பில் விழாது. 2024இல் வந்த ஓநாய்க் கவசம் இருந்தால் அதையும் மாட்டிவிடுங்கள். கதவைச் சாத்தி, உலகத்தின் நகல் ஒன்றை வேறொரு இடத்தில் எடுத்துவைத்துவிட்டு, புது கேமைத் திறங்கள்.